கையிருப்பைக் கொண்டு சமைப்பது: அடுப்படிக்கும் சமையல் நிகழ்ச்சிகளுக்குமான முழுமையான வழிகாட்டி

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1994ஆம் ஆண்டு தொடங்கிய ‘ரெடி ஸ்டெடி குக்’ நிகழ்ச்சியில், பங்கேற்பவர் ஏறத்தாழ 5 பவுண்டுக்கு வாங்கிய பொருள்களைப் பையோடு கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்; சமையல் கலைஞர் 20 நிமிடங்களுக்குள் அவற்றைக் கொண்டு சில உணவுகளைச் செய்து முடிக்க வேண்டும். மாஸ்டர்செஃப் வகைப் போட்டிகளின் மர்மப் பெட்டிச் சுற்றும் இதே சவாலைத்தான் இன்னும் பகட்டாக வைக்கிறது. வேலை முடிந்து வந்து ஃபிரிட்ஜைத் திறந்து, ஒரு கீற்றுப் பூசணியையும் புளித்த தயிரையும் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு இந்தச் சவால் புதியதன்று. ஆனால் போட்டியில் பெட்டிக்குள் இருப்பதற்குத்தான் கட்டுப்பாடு. எண்ணெய், வெண்ணெய், மாவு, மசாலா எல்லாம் நிறைந்த அலமாரி ஒன்று பக்கத்திலேயே இருக்கும். நம் வீட்டில் பெட்டியும் அதுதான், அலமாரியும் அதுதான். ஆகவே உணவின் பெயரை முதலில் முடிவு செய்துகொண்டு பொருளைத் தேடும் வழி நமக்கு உதவாது. இருக்கிற பொருளிலிருந்து தொடங்கி, பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்ளும் வழியையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எது முதலில் கெடும் என்று பாருங்கள்

“இன்று என்ன சமைக்கலாம்?” என்று யோசிப்பதற்கு முன், “நாளைக்குத் தாங்காதது எது?” என்று பார்க்க வேண்டும். கீரையும் கொத்தமல்லியும் வாங்கிய அன்றோ மறுநாளோ முடிந்துவிட வேண்டியவை. அடுத்து வெண்டை, கத்தரி, பீன்ஸ், அவரை ஆகியவை வரும். முற்றிய வெண்டைக்காயை எந்தச் சமையலும் காப்பாற்றாது. முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவை ஒரு வாரம் பொறுக்கும். உருளை, சேனை, வெங்காயம், வெட்டாத பூசணி, பரங்கி ஆகியவை கடைசி வரிசை. வெட்டிய பூசணி மட்டும் அந்த வரிசையிலிருந்து நழுவி முதல் வரிசைக்கு வந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. உருளைக்கிழங்கில் பச்சை படர்ந்திருந்தால் அந்தப் பகுதியை ஆழமாகச் சீவி எறிய வேண்டும். பெரும்பகுதி பச்சையாகிவிட்டால் கிழங்கையே எறிந்துவிடுவது நல்லது.

தூக்கி எறிவதற்கு முன் தோலையும் தண்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பீர்க்கங்காய்த் தோலை வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், சிறிது புளி சேர்த்து அரைத்தால் துவையல் கிடைக்கிறது. காலிஃபிளவர் தண்டு பொடியாக நறுக்கினால் கூட்டுக்கு ஆகும்.

காய்கறியே இல்லாத நாளும் வரும். அன்று அலமாரியிலுள்ள வற்றல், வடகம், அப்பளம், பருப்பு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, புளி ஆகியவைதான் கையிருப்பு. கொங்குப் பகுதியின் அரிசியும் பருப்பும் சாதம் அத்தகைய நாளுக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது: அரிசி, அதில் மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய், கிடைத்தால் ஒரு தக்காளி, எல்லாம் ஒரே குக்கரில் அடங்கிவிடும்.

இரண்டாம் படி: நான்கு இடங்களை நிரப்புங்கள்

நம் குழம்பு வகைகள் பெயரால் நூறாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவை நான்கு கேள்விகளுக்கான விடைகளே: புளிப்பு எதிலிருந்து வருகிறது, கெட்டித்தன்மை எதிலிருந்து வருகிறது, காரம் எது, வாசனை எது. புளியும் வெந்த பருப்பும் சேர்ந்தால் சாம்பார். அதே இரண்டும் நீர்த்துப் போய், மிளகும் சீரகமும் முன்னால் வந்தால் ரசம். பருப்பை எடுத்துவிட்டுப் புளியையும் நல்லெண்ணெயையும் கூட்டினால் வத்தக்குழம்பு. புளிப்பையே விட்டுவிட்டுப் பருப்பும் தேங்காயும் காயுமாக நிறுத்தினால் கூட்டு அல்லது பொரித்த குழம்பு. தயிரும் தேங்காயும் சேர்ந்தால் மோர்க்குழம்பு. தேங்காய்ப்பால் முன்னால் நின்றால் சொதி. யாழ்ப்பாணத்து வீடுகளில் அது அன்றாட உணவு, திருநெல்வேலியில் விருந்து உணவு.

இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால், “சாம்பார் வைக்கத் துவரம்பருப்பு இல்லையே” என்ற தவிப்பு, “கெட்டித்தன்மைக்கு வேறு என்ன இருக்கிறது?” என்ற கேள்வியாக மாறிவிடும். பின்னதற்கு விடை எப்போதும் கையருகே இருக்கும்.

மூன்றாம் படி: புளிப்பை அதன் குணமறிந்து சேருங்கள்

புளி, தக்காளி, தயிர், எலுமிச்சை, மாங்காய் எல்லாம் புளிப்புதான் என்றாலும், அவற்றைச் சேர்க்கும் நேரம் ஒன்றன்று. புளிக்கரைசல் கொதித்துப் பச்சை வாசனை போக வேண்டும். எலுமிச்சைச் சாறு கொதித்தால் கசக்கும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். சொதியில் இந்த ஒழுங்கைக் கண்டிப்பாகப் பின்பற்றுவார்கள். மாங்காய் சாம்பாரில் புளியைப் பாதியாகக் குறைக்கலாம், மாங்காயின் புளிப்பைப் பொறுத்து முற்றிலும் விட்டும் விடலாம்.

எல்லாப் புளிப்புக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. புளிப்பு சேர்ந்த பிறகு பருப்பும் காயும் வேக மறுக்கும். அவற்றின் செல்சுவர்களைப் பிணைத்திருக்கும் பொருள் அமிலத்தில் எளிதாகக் கரைவதில்லை. ஆகவே பருப்பை முதலில் குழைய வேகவைத்துக்கொண்டு, காயும் முக்கால் பதம் வெந்தபின் புளி விட வேண்டும். இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: வெண்டைக்காயும் கத்தரிக்காயும் குழைந்துவிடாமல் துண்டு துண்டாக நிற்க வேண்டுமானால், எண்ணெயில் வதக்கி நேராகப் புளிக்கரைசலில் போடுவதுதான் சரி.

நான்காம் படி: கெட்டித்தன்மைக்குப் பல வழிகள்

கையிருப்புச் சமையலின் பெரும் சுதந்திரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டால் பாசிப்பருப்பு 15 நிமிடத்தில் வெந்துவிடும்; அதில் சாம்பார் வைத்தால் இட்லிக்கு நன்றாகவே பொருந்தும். பாசிப்பருப்பும் இல்லையென்றால் 2 மேசைக்கரண்டி பொட்டுக்கடலையைப் பொடித்துத் தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, வதக்கிய வெங்காயம் தக்காளியோடு கொதிக்கவிட்டால் திடீர் சாம்பார் கிடைக்கிறது. பொட்டுக்கடலை முன்பே வறுபட்ட பொருள் என்பதால் 5 நிமிடக் கொதியே போதும். ஆனால் ஆற ஆற இறுகும், எனவே இறக்கும்போது தளர்வாகவே இருக்க வேண்டும். கடலைமாவைக் கரைத்து ஊற்றினால் பூரிக்கும் தோசைக்கும் பாம்பே சட்னி. அது வறுபடாத மாவு ஆதலால் பச்சை வாசனை போக இன்னும் சிறிது நேரம் கொதிக்க வேண்டும்.

தேங்காய் இல்லாத வீட்டில் வறுத்த நிலக்கடலை கைகொடுக்கும். சட்னிக்கும் குருமாவுக்கும் அது தன் சொந்தச் சுவையோடு வருமே தவிர, தேங்காயாக நடிக்காது. எதுவுமே இல்லாத நாளுக்கு அரிசி களைந்த தண்ணீர் இருக்கிறது. செட்டிநாட்டு மண்டி என்னும் குழம்பு வகைக்கு அதில்தான் புளியைக் கரைக்கிறார்கள். முதல் கழுவலைக் கொட்டிவிட்டு, இரண்டாவது கழுவலின் கெட்டியான நீரை எடுத்துக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்காத கெட்டித்தன்மை இது ஒன்றுதான்.

ஒரு குழம்பைக் கிட்ட நின்று பார்ப்போம்

முதலில் சொன்ன அந்தப் பூசணிக் கீற்றையும் புளித்த தயிரையும் எடுத்துக்கொள்வோம். வெட்டிய பூசணி முதல் வரிசைப் பொருள். தயிர் இன்னும் ஒரு நாள் போனால் யாரும் தொடமாட்டார்கள். புளிப்புக்குத் தயிர் வந்துவிட்டது. மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கால் மூடித் தேங்காய் கெட்டித்தன்மைக்கு. காரத்துக்குப் பச்சைமிளகாய். எனவே மோர்க்குழம்பு.

நால்வருக்கு 2 கப் தயிர் போதும். 1 மேசைக்கரண்டி துவரம்பருப்பு, 1 தேக்கரண்டி பச்சரிசி, 1 தேக்கரண்டி தனியா, அரைத் தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றை அரை மணி நேரம் ஊறவைத்து, 4 பச்சைமிளகாய், சிறு துண்டு இஞ்சி, கால் கப் தேங்காய்த் துருவல் ஆகியவற்றோடு நைசாக அரைத்துக்கொள்ள வேண்டும். பூசணியைச் சற்றுப் பெரிய துண்டுகளாக நறுக்கி, துண்டுகள் மூழ்காத அளவு தண்ணீரில் மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, கத்தி எளிதாக இறங்கும்வரை வேகவிட வேண்டும். பூசணி தானும் நீர் விடும். அரைத்த விழுதை அதில் சேர்த்துப் பருப்பின் பச்சை வாசனை அடங்கும்வரை, ஏறத்தாழ 5 நிமிடம் கொதிக்கவிட வேண்டும்.

இனிதான் கவனம் தேவை. தயிரைக் கட்டியின்றிக் கடைந்து, அடுப்பைக் குறைத்து, குழம்பின் கொதி அடங்கிய பிறகு ஊற்றிக் கலக்க வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் சிறு நுரை கூடிவந்து, நடுப்பகுதி இலேசாக எழும்பத் தொடங்கும் கணத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் தயிரின் புரதம் திரண்டு, தண்ணீர் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரிந்துவிடும். விழுதில் அரிசி சேர்ப்பதன் நோக்கமும் இதுதான்: அதன் மாவுச்சத்து புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் தடுக்கிறது. தேங்காய் எண்ணெயில் கடுகு, கொஞ்சம் வெந்தயம், மிளகாய்வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் வேலை முடிந்தது.

தேங்காய் இல்லையா? 1 மேசைக்கரண்டி கடலைமாவைத் தயிரிலேயே கரைத்துக்கொண்டால், அது கெட்டித்தன்மையும் தரும், பிரியாமலும் காக்கும். பச்சைமாவு ஆதலால் இளந்தீயில் விடாமல் கிளறிக்கொண்டு, சற்றுக் கூடுதல் நேரம் அடுப்பில் வைக்க வேண்டும். பூசணி இல்லையா? காலையில் மிஞ்சிய வடையைப் போடலாம். சுண்டைக்காய் வற்றலை எண்ணெயில் பொரித்துப் போடலாம். தயிர் புளிக்கவில்லை என்றால் மட்டும் இந்தக் குழம்பை நாளைக்குத் தள்ளி வைத்துவிடுங்கள். புளிப்பில்லாத மோர்க்குழம்பைச் சோற்றில் விட்டுப் பிசைவதில் ஒரு சுகமும் இல்லை.

ஐந்தாம் படி: மாற்றக் கூடாதவற்றை மாற்றாதீர்கள்

மாற்றுப்பொருள் தேடும் உற்சாகத்தில் சிலவற்றை மறந்துவிடுகிறோம். வற்றல் மிளகாயின் இடத்தில் மிளகைப் போட்டால் காரம் வரும், நிறம் வராது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தாளிப்பில் கடுகு வெடிக்கும் அளவுக்கு எண்ணெய் காயாவிட்டால் அதற்கு ஈடுகட்ட வழியே இல்லை. வெடிக்காத கடுகு கசப்பது ஒவ்வொரு வாயிலும் தெரியும். கீரையை மூடிபோட்டு வேகவைத்தால் நிறம் மங்கும். திறந்து வைத்தே கடைய வேண்டிய பதம் வரவேண்டும்.

ராஜ்மாவை அவசரத்துக்கு அரைவேக்காட்டில் இறக்குவது சுவைப் பிழை மட்டுமன்று. வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் பொருள் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, நன்கு கொதிக்கவைத்துக் குழைய வேகவிட வேண்டும். ஊறவைக்க மறந்த நாளில் ராஜ்மா கையிருப்பில் இல்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மிஞ்சியதை அன்றிரவே தீர்மானியுங்கள்

மிஞ்சிய சோற்றை எலுமிச்சைச் சாதமாக்கலாம் என்பது எல்லோரும் அறிந்தது. அந்தச் சோறு இரவு முழுவதும் அடுப்பு மேடையில் கிடந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்த சூட்டிலும் பிழைத்திருக்கும். சோறு வெளியில் மணிக்கணக்கில் இருந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்குவதால் அழிவதில்லை. ஆகவே மிஞ்சும் என்று தெரிந்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஓரிரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி வைக்கும் பழையசோற்றின் வழி வேறு: அதில் நொதித்தல் நடந்து புளிப்பேறுகிறது. அதுவும் மறுநாள் காலையோடு முடிந்துவிட வேண்டிய உணவு.

மிஞ்சிய இட்லி உப்புமாவாகும், புளித்த மாவு ஊத்தப்பமாகவோ பணியாரமாகவோ ஆகும். சாம்பாரை முழுப் பாத்திரமாகத் திரும்பத் திரும்பச் சூடாக்காமல், தேவையானதை மட்டும் பிரித்துக் கொதிக்கவைப்பது சுவைக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது.

ஏழாம் படி: சமையல் நிகழ்ச்சியிலிருந்து எதை எடுப்பது

சமையல் நிகழ்ச்சிகளைக் குறைசொல்லி எழுதுவது எளிது. நான் அவற்றை விரும்பிப் பார்ப்பவன். எழுத்தால் சொல்ல முடியாத ஒன்றை அவை காட்டுகின்றன: பதம். பாகு எப்போது கம்பியாக நீள்கிறது, மசாலாவிலிருந்து எண்ணெய் எப்போது பிரிகிறது, பரோட்டா மாவை எந்தத் தளர்ச்சிக்குப் பிசைய வேண்டும் என்பவற்றை எத்தனை பக்கம் எழுதினாலும், ஒருமுறை பார்ப்பதற்கு ஈடாகாது. வெங்கடேஷ் பட் ஒரு பொருளைச் சட்டியில் போடும்போது அது ஏன் அந்த நேரத்தில் போகிறது என்று காரணம் சொல்லிக்கொண்டே போவார். அந்தக் காரணங்களைக் குறித்துக்கொண்டால் போதும், அளவுகளைக் குறிக்கவே தேவையில்லை.

நம்பக் கூடாதது நேரம். இரண்டு பெரிய வெங்காயம் நடுத்தரத் தீயில் பொன்னிறமாக 10 முதல் 15 நிமிடம் ஆகும். திரையில் அது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் பாதி வதங்கிய வெங்காயத்தில் தக்காளியைப் போட்டுவிட்டு, குருமா ஏன் பச்சையாக மணக்கிறது என்று மசாலாப் பொடியைச் சந்தேகிக்கிறார்கள்.

போட்டி நிகழ்ச்சிகளின் அளவுகோலும் வீட்டுக்குரியதன்று. 2021இல் விஜய் சேதுபதி தொகுத்து வழங்க சன் டிவியில் வந்த மாஸ்டர்செஃப் தமிழ் போன்ற மேடைகளில், நடுவர்கள் முன்பு கண்டிராத ஒன்றை எதிர்பார்ப்பதும், தட்டின் அழகுக்கு மதிப்பெண் கொடுப்பதும் நியாயமே. வீட்டில் ஒருவர் சமைப்பது அடுத்த வாரமும் அதே சுவையில் வர வேண்டும். பாட்டிக்குப் பல்லில் படாமலும், பள்ளி செல்லும் பிள்ளைக்கு டப்பாவில் ஒழுகாமலும் இருக்க வேண்டும். இதற்கு மதிப்பெண் கொடுக்கும் நிகழ்ச்சியை நான் இன்னும் காணவில்லை.

விஜய் டிவியில் 2019 நவம்பரில் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’ வெறும் சிரிப்பு நிகழ்ச்சி என்பார்கள். அதைப் பார்த்து யாரும் சமையல் கற்றிருப்பார்கள் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனாலும் சமைக்கும் சூழலை ஓரளவேனும் உண்மையாகக் காட்டுவது அதுதான். பக்கத்தில் ஒருவர் தவறான பொருளை எடுத்து நீட்டிக்கொண்டிருக்க, அடுப்பில் தாளிப்பு கருகத் தொடங்க, அதற்கிடையே ஒருவர் சமைத்து முடிக்கிறார். அமைதியான அரங்கில் கிண்ணம் கிண்ணமாக நறுக்கிவைத்த பொருள்களுடன் நடக்கும் சமையலைவிட, இது நம் வீட்டு நிலவரத்துக்கு நெருக்கமானது.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கி, 2021இல் 1 கோடிச் சந்தாதாரர்களைக் கடந்த ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ வேறொரு வகை. வயல்வெளியில் அம்மியில் அரைப்பதையும், அண்டாவில் கிளறுவதையும் ரசித்துப் பார்க்கலாம். எந்தப் பொருள் எதற்குப் பின் விழுகிறது என்ற வரிசையையும் எடுத்துக்கொள்ளலாம். அளவை மட்டும் வகுத்து எடுத்துக்கொள்ளக் கூடாது. அண்டாவில் ஆவியாகும் தண்ணீரின் விகிதம் குறைவு, சிறு சட்டியில் அதிகம். உப்பும் காரமும் நேர்க்கணக்கில் இறங்குவதில்லை. நூறு பேருக்கான குழம்பை நாலு பேருக்கு வகுத்தால் கிடைப்பது வேறொரு குழம்பு.

நிகழ்ச்சியில் பார்த்ததை வீட்டுக் கணக்குக்கு மாற்றும் முறை

பன்னீர் பட்டர் மசாலாவைப் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முந்திரி, ஃபிரெஷ் கிரீம், வெண்ணெய், கசூரி மேத்தி என்னும் உலர்ந்த வெந்தயக்கீரை, பன்னீர் ஆகியவை திரையில் வருகின்றன. வீட்டில் தக்காளியும் வெங்காயமும் பாலும் முட்டையும் இருக்கின்றன. பட்டியலைப் பார்க்காமல் இடங்களைப் பாருங்கள். புளிப்புக்குத் தக்காளி இருக்கிறது. முந்திரி அங்கே கெட்டித்தன்மைக்காக வந்தது. வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையை ஊறவைத்து அரைத்தால் அந்த வேலையைச் செய்யும். கிரீம் காரத்தையும் புளிப்பையும் தணிக்க வந்தது. காய்ச்சிய பாலின் ஆடையை எடுத்துக் கடைந்து, அடுப்பை அணைத்தபின் சேர்க்கலாம். கசூரி மேத்தியின் இடத்தில் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு சிட்டிகை. அதற்குமேல் போனால் கசக்கும். பன்னீர் இடத்தில் அவித்த முட்டையைக் கீறிப் போடலாம்.

திரையிலிருந்து உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டியது இங்கே இரண்டு: தக்காளியும் வெங்காயமும் வெந்தபின் அரைத்து, அந்த விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்கிய பொறுமை ஒன்று, பால் பொருளைக் கடைசியில் சேர்த்த ஒழுங்கு மற்றொன்று. கிடைப்பதைப் பன்னீர் பட்டர் மசாலா என்று சொல்லிப் பரிமாறாதீர்கள். எதிர்பார்த்து உட்கார்ந்தவர் முதல் வாயிலேயே ஏமாந்துபோவார். முட்டைக் குருமா என்று சொல்லிச் சப்பாத்தியோடு வையுங்கள். மிச்சம் இருந்தால் காலையில் தோசைக்கு ஆகும்.